குகைக்குள்ள சாமி இருக்கா?

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன்: கிரேக்க நாட்டில் ஒரு தீவு, அங்கே ஒரு பெரிய குகை, அதில் பாறை ஏறப் போகிறேன். அம்மாவின் முதல் கேள்வி இதுதான்.

"குகைக்குள்ள என்னட்டி இருக்கு? சாமி எதுவும் இருக்கா?"

இல்லை என்றேன்.

"பின்ன எதுக்கு அவ்வளவு தூரம்?"

நியாயமான கேள்வி. நமக்குக் குகை என்றால் உள்ளே யாராவது இருந்தாக வேண்டும். முருகன், சித்தர், சமண முனிவரின் கல்படுக்கை, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு விளக்கும் உண்டியலுமாவது. சின்ன வயதில் கழுகுமலைக்குக் கூட்டிப்போன அம்மா, பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களைக் காட்டி, "கும்பிட்டுக்க, யாரா இருந்தா என்ன" என்று சொன்னவர். வெறுமனே கிடக்கிற ஒரு குகைக்கு விசா வாங்கி, விமானம் ஏறி, படகு ஏறிப் போவதை அவருக்கு எப்படி விளக்குவது? ஆடு இருக்குமாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

தீவின் பெயர் காலிம்னோஸ். ஏஜியன் கடலின் தென்கிழக்கில், துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிறது. ஏதென்ஸிலிருந்து கோஸ் தீவுக்குச் சின்ன விமானம், அங்கே மஸ்திகாரி என்ற துறையில் படகு, ஒரு மணி நேரத்துக்குள் போத்தியா. அதுதான் தீவின் முக்கிய ஊர். மொத்தத் தீவே சுமார் 110 சதுர கிலோமீட்டர்தான். மண் குறைவு, மரம் குறைவு. எங்கே திரும்பினாலும் சாம்பலும் ஆரஞ்சும் கலந்த சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கும். அதன் இடுக்குகளில் ஆடுகள்.

நானும் தோழியும் மசூரி என்ற கடலோரக் கிராமத்தில் அறை எடுத்திருந்தோம். அக்டோபர் மாதம், பாறை ஏறுகிறவர்களின் சீசன். காலை எட்டு மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால், நம்மூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையோடு போகிற மாதிரி, கயிற்று மூட்டையும் முதுகுமாக ஆட்கள் மலையைப் பார்த்துப் போகிறார்கள். ரொட்டிக் கடைக்காரர்கூட "இன்று எந்தப் பாறை?" என்று விசாரிக்கிறார். ஸ்கூட்டரில் போகிறவர்களின் கையெல்லாம், பிடி வழுக்காமல் இருக்கப் பூசுகிற வெள்ளைப் பொடி.

அந்தத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே குகை தெரியும். கிராண்டே க்ரோத்தா என்பது இத்தாலியப் பெயர். பெரிய குகை, அவ்வளவுதான் பொருள். இருபது இருபத்தைந்து நிமிடம் சரளைக் கற்களில் மூச்சு வாங்கி ஏறினால் அதன் வாசலுக்கு வந்துவிடலாம்.

வாசல் என்று சொல்வதே தப்பு. முன்பக்கச் சுவர் இல்லாத ஒரு மண்டபம் என்று சொல்லலாம். ஒரு பெரிய ஆலமரத்தின் அடியில் நின்று மேலே பாருங்கள். இலையையும் கிளையையும் மனதால் கழித்துவிடுங்கள். தொங்குகிற விழுதுகள் மட்டும் மிச்சம் இருக்கட்டும். அவற்றைக் கல்லாக்கி, ஒவ்வொன்றையும் ஆள் பருமனுக்கும் தூண் பருமனுக்கும் பெருக்கினால் இந்தக் குகையின் கூரை. சில விழுதுகள் இளநீர்க் குலை மாதிரி கொத்தாகத் தொங்குகின்றன. சில யானைத் துதிக்கை மாதிரி நுனியில் வளைந்திருக்கின்றன. அந்தக் கூரையின் நடுவே, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி அசைந்தது. அது ஒரு மனிதன் என்று புரிந்தபோதுதான் குகையின் அளவு எனக்குள் இறங்கியது.

விழுது உருவாகிற விதம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். தூத்துக்குடியில் போர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒன்று படியுமே, அதே சங்கதி. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறைக்குள் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. குகைக்குள் சொட்டாக எட்டிப் பார்க்கும்போது வாயு பிரிந்துவிடுகிறது, சுமந்து வந்த சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. அம்மாவின் பாத்திரத்தில் அடுப்பு வாயுவை விரட்டுகிறது, இங்கே குகைக் காற்றிடம் அதுவாகவே போகிறது. பாத்திரத்தை நாம் மாதம் ஒருமுறை தேய்த்துவிடுகிறோம். இங்கே தேய்க்க ஆள் இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓடிவிட்டன. கூரையிலிருந்து தொங்காமல் சுவரோடு நரம்பு மாதிரி புடைத்து இறங்குபவற்றை டூஃபா என்கிறார்கள்.

நான் பாறை ஏறக் கற்றது பாதாமியில். பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பயணம். செம்மணற்கல், நேராக நிற்கும் சுவர், வாரி வைத்த மாதிரி குறுக்குக் கோடுகள். விரல் நுனியையும் கால் கட்டைவிரலையும் நம்பினால் ஏறிவிடலாம். இங்கே அந்தப் படிப்பு பாதிதான் செல்லும். விழுதைக் கட்டிப்பிடிக்க வேண்டும், தொடைகளுக்கு நடுவே இடுக்க வேண்டும், தோளால் முட்டுக்கொடுக்க வேண்டும். தென்னை ஏறுகிறவர் வந்தால் எங்களைவிடச் சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்று நினைக்கிறேன்.

இந்தத் தீவு ஏறுகிறவர்களின் கண்ணில் பட்டது ரொம்பப் பழைய கதை இல்லை. ஆந்திரேயா டி பாரி என்ற இத்தாலியர் 1996-இல் விடுமுறைக்கு வந்தார். கடலைப் பார்க்க வேண்டியவர் மலையைப் பார்த்துவிட்டார். அடுத்த ஆண்டு துளைக்கருவியும் நண்பர்களுமாகத் திரும்பி வந்து பாறையில் போல்ட் அடிக்க ஆரம்பித்தார். உள்ளூர் நகராட்சி ஓர் அபூர்வமான காரியம் செய்தது: இதில் ஊருக்குப் பிழைப்பு இருக்கிறது என்று சீக்கிரமே புரிந்துகொண்டது. இன்று தீவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாதைகள்.

போல்ட் அடித்த பாதை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: மூன்று மீட்டருக்கு ஒன்று என்கிற கணக்கில் பாறையில் இரும்பு வளையங்கள் இருக்கும். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஏறுகிறவர் வளையத்தில் கொக்கியை மாட்டி அதில் கயிற்றை நுழைத்துக்கொண்டே போவார். கை நழுவினால் கடைசியாக மாட்டிய வளையத்துக்குக் கீழே கொஞ்ச தூரம் விழுந்து தொங்குவார். கயிறு, விழுகிறவரைக் காப்பதற்குத்தான், ஏற்றிவிடுவதற்கு இல்லை. கஷ்டத்தின் அளவைப் பிரெஞ்சு முறையில் எண்ணும் எழுத்துமாகச் சொல்வார்கள், ஏற ஏறக் கஷ்டம். பாதாமியில் நான் ஏறுவது 6பி. கிராண்டே க்ரோத்தாவில் கூரைக்குள் போகிற பாதைகள் பெரும்பாலும் 7ஏ-வில்தான் தொடங்குகின்றன. 7சி-யில் பிரியாபோஸ் என்று புகழ்பெற்ற ஒரு பாதை இருக்கிறது. அந்தக் கிரேக்கக் கடவுள் யார் என்று நீங்களே தேடிப் பாருங்கள், அம்மாவிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

நான் தேர்ந்தெடுத்தது த்ரேலா, 7ஏ. கிரேக்கத்தில் பைத்தியம் என்று பொருள். பெயர் பொருத்தம் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்றாள் தோழி.

குகைக்கு மதியம் வரைதான் நிழல். முதல் நாள் ஒன்பது மணிக்கே போய்விட்டோம். நான் போட்டிருந்த திட்டம் எளிமையானது: கை சோர்வதற்குள் மேலே போய்விட வேண்டும். வேகம்தான் வழி. உடும்புப்பிடியாகப் பிடித்தேன், முதல் நான்கு வளையங்களை ஓட்டமாகக் கடந்தேன். ஐந்தாவதில் முன்னங்கை விறகுக் கட்டை மாதிரி இறுகிவிட்டது. விரல்கள் தாமாகத் திறந்துகொள்வதை நானே வேடிக்கை பார்த்தேன். அப்போது வலது கால் ஆட ஆரம்பித்தது. ஏறுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், பயமும் களைப்பும் சேர்ந்து கெண்டைக்கால் தடதடவென்று அடித்துக்கொள்ளும். "தையல் மெஷின் ஓடுது" என்று கீழிருந்து தோழி சிரித்தாள். நானும் சிரித்தேன், விழுந்தேன்.

நேர்ச்சுவரில் விழுந்தால் சுவர் பக்கத்திலேயே இருக்கும். எட்டிப் பிடித்து மறுபடி தொடங்கலாம். கூரையில் விழுந்தால் அந்தரம். பாறை நான்கு கை தூரத்தில் இருக்கிறது, நடுவில் காற்று. கிணற்று வாளி மாதிரி மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தேன். கயிற்றைப் பிடித்து ஓர் எம்பு எம்பிச் சட்டென்று விட வேண்டும், அந்த நொடியில் கீழே இருப்பவர் கிடைத்த தளர்ச்சியைத் தன் எடையால் உள்ளிழுக்க வேண்டும். ஒவ்வொரு எம்புக்கும் ஒரு சாண் கிடைக்கும். தோழியின் எடை என்னைவிடப் பன்னிரண்டு கிலோ குறைவு. நான் விழுந்தபோதே அவள் தரையை விட்டு முதல் வளையம் வரை பறந்து போயிருந்தாள். இரண்டு பேரும் காற்றில் தொங்கிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்வதைக் கீழே ஓர் ஆடு அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் அதே இடம். கீழே வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஜெர்மன்காரர், அறுபதைத் தாண்டியவர், ஆப்பிள் நறுக்கிக்கொண்டே சொன்னார்:

"நல்லாத்தான் ஏறுறீங்க. நிக்கத்தான் தெரியலை."

பிறகு எழுந்து போய்ச் செய்து காட்டினார். தரையிலிருந்து எட்டுகிற உயரத்தில் இருந்த ஒரு விழுதின் அடியில் முழங்காலைச் செருகினார். பாதத்தை எதிரே இருந்த மேட்டில் ஊன்றி, குதிகாலை உயர்த்தினார். தொடை பலகை மாதிரி இரண்டுக்கும் நடுவே இறுகிக்கொண்டது. இரண்டு கைகளையும் விட்டுவிட்டுத் தலைகீழாகச் சாய்ந்து என்னைப் பார்த்தார். மிச்ச ஆப்பிளை அங்கிருந்தே தின்றார்.

த்ரேலாவில் இப்படி எத்தனை இடம் என்று கேட்டேன். "நான் நாலு கண்டுபிடித்திருக்கிறேன். நீங்கள் குள்ளம், உங்களுக்கு ஐந்து கிடைக்கலாம்."

அன்று மதியம் வெயில் குகைக்குள் நுழையும் வரை ஏறவில்லை. மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் அதுவரை கைகளை மட்டும்தான் பார்த்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. பெரிய கஷ்டமான பாதைகளில் ஏறுகிறவர்கள் பாதி நேரம் ஏறுவதே இல்லை. விழுதுகளுக்கு நடுவே காலை அகட்டி, முதுகைச் சாய்த்து, ஒரு கையைக் கீழே தொங்கவிட்டு உதறுகிறார்கள். மற்றொரு கையை உதறுகிறார்கள். கடலைப் பார்க்கிறார்கள். எதிரே தெலெந்தோஸ் என்ற சின்னத் தீவு. ஒரு காலத்தில் இதோடு ஒட்டி இருந்த நிலம், ஆறாம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் பிரிந்து போனது என்கிறார்கள். இரண்டு மூன்று நிமிடம் அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் பஸ் வந்த மாதிரி புறப்படுகிறார்கள். சிலர் தொடையில் ரப்பர் பட்டை கட்டியிருந்தார்கள். அதைக் கட்டினால் ஏமாற்று என்று ஒரு கட்சி இருக்கிறது. ஷூவும் ரப்பர்தானே?

கொக்கிகளைக் கழற்றி எடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. கூரையிலிருந்து இறங்கும்போது இடுப்பைக் கயிற்றோடு கோத்துக்கொண்டால்தான் பாறை அருகே இருக்க முடியும். ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றி, கடைசி ஒன்றையும் கழற்றியதும் உங்களைப் பாறையருகே பிடித்திருப்பது எதுவும் இல்லை. குகைக்குள் இருந்து மலைச்சரிவுக்கு மேலே, கடலுக்கு மேலே, தூரியில் ஆட்டிவிட்ட மாதிரி வெளியே போய் வருவீர்கள். மரம் மட்டை எதுவும் வழியில் இல்லையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கயிற்றின் கீழ் நுனியில் முடிச்சும் போட்டுக்கொள்ளுங்கள். பாதைகள் நீளம், 70 மீட்டர் கயிறே சிலவற்றுக்குப் போதாது, முடிச்சு இல்லாத நுனி, கீழே பிடித்திருப்பவரின் கருவியைத் தாண்டி நழுவிப் போனால் ஆள் தரையில். விரல் பலத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மூன்றாம் நாள் தோல் உரிந்து, கட்டாய ஓய்வு. போத்தியாவுக்குப் போனோம். அங்கே கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஏறுகிறவர்கள் வருவதற்கு முன்னால் இந்தத் தீவு எதைத் தின்று பிழைத்தது என்பதற்கான பதில் அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் கிடக்கிறது. கடற்பஞ்சு. கடலடிப் பாறையில் ஒட்டி வாழும் உயிர், உடம்பு தேய்த்துக் குளிக்க உலகம் முழுக்க வாங்கினார்கள். பஞ்சுக்காகக் கடலில் மூழ்கிய பழைய காலத்துக் குளிப்பவர்கள் தட்டையான ஒரு கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் எடையில் சரசரவென்று இறங்குவார்கள், மூச்சு இருக்கும் வரை அறுப்பார்கள், மேலே வருவார்கள். அந்தக் கல்லைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் கல்லைக் கட்டிக்கொண்டுதான் இறங்கினார்கள்.

1860-களில் செம்புத் தலைக்கவசமும் ரப்பர் உடையும் வந்தன. மேலே படகில் இருந்து குழாய் வழியாகக் காற்று. இனி மூச்சுக்குப் பயமில்லை. முன்னைவிட ஆழத்தில் நெடுநேரம் இருக்கலாம், அள்ளலாம். ஆழத்தின் அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து நிற்கும், வேகமாக மேலே வந்தால் சோடா மூடியைத் திறந்த மாதிரி குமிழியாகக் கிளம்பும், அது தண்டுவடத்தில் அடைத்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது என்பது அப்போது படகில் யாருக்கும் தெரியாது. ஈஸ்டருக்குப் பிறகு வசந்தத்தில் படகுகள் கிளம்பும், ஆப்பிரிக்கக் கரை வரை போகும், இலையுதிர் காலத்தில் திரும்பும். குளிப்பவருக்கு முன்பணம் கொடுத்துவிடுவார்கள். வாங்கியதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கப்பலேறுவார். பஞ்சு எடுத்து அதைக் கழிக்க வேண்டும். ஆகவே சீக்கிரம் இறங்கு, சீக்கிரம் ஏறு, மறுபடி இறங்கு. கணவனோ மகனோ எப்படித் திரும்புவார் என்று தெரியாமல் இந்தத் துறையில் பெண்கள் காத்து நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், அதைவிட அதிகம் பேர் கால் விளங்காமல் திரும்பினார்கள்.

மேலே வரும் வழியில் நிறுத்தி நிறுத்தி வர வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு அட்டவணையாகக் கொடுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரிட்டிஷ் உடலியலாளர், 1908-இல். இந்த ஆழத்துக்கு இங்கே இத்தனை நிமிடம் நில், அப்புறம் அங்கே இத்தனை நிமிடம் நில். அழுத்த அறைக்குள் அவர் சோதித்துப் பார்த்த பிராணி எது தெரியுமா? ஆடு. வலி வந்தால் ஆடு காலைத் தூக்கிக்கொள்ளும், அதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். இதை முன்பே எங்கோ படித்திருந்தேன். அந்தத் தலைக்கவசத்தின் முன்னால் நின்றபோது, குகையில் எங்களைப் பார்த்து அசைபோட்ட ஆடும் கூடவே வந்து நின்றது.

செயற்கைப் பஞ்சும், 1980-களின் நடுவில் மத்தியத்தரைக் கடலில் பரவிய பஞ்சு நோயும் சேர்ந்து அந்தத் தொழிலைக் கிட்டத்தட்ட முடித்துவைத்தன. பத்துச் சொச்சம் ஆண்டு கழித்து இத்தாலியர் துளைக்கருவியோடு வந்தார். எங்கள் அறைக்குச் சொந்தக்காரப் பாட்டியின் அப்பா பஞ்சுக்குப் போனவர், பேரன் கயிறும் கொக்கியும் விற்கிறான்.

அன்று இரவு போத்தியா கடற்கரையில் ஏதோ ஊர்க் கொண்டாட்டம். வயலின், கைகோத்த வரிசையில் ஆண்கள் ஆடினார்கள். ஒரு கட்டத்தில் இசை இறங்கியது. வரிசையின் முதல் ஆள் கைத்தடி ஒன்றை வாங்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவருடைய வலது கால் நடுங்க ஆரம்பித்தது. ஊன்றப் பார்க்கிறார், கால் கேட்கவில்லை, தடதடவென்று அடித்துக்கொள்கிறது. தடியை அழுத்தி நிமிர்கிறார், மறுபடி நடுங்குகிறது. பின்னால் இருந்தவர்கள் அவர் தோளையும் கையையும் விடாமல், அவருக்காகத் தாளத்தைக் குறைத்துக் காத்திருந்தார்கள். பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். மிஹானிகோஸ் என்றார், உடை அணிந்து குளித்தவர்களை அப்படித்தான் அழைப்பார்களாம். அவர்களில் கால் போனவர் ஆடுகிற ஆட்டம் இது. யாரும் கைதட்டவில்லை. தோழி என்னைப் பார்த்தாள், நான் தட்டில் இருந்த மீனைப் பார்த்தேன்.

மறுநாள் காலை த்ரேலா. முதல் விழுதிலேயே முழங்காலைச் செருகினேன். கைகளை விட்டேன், நூறு வரை எண்ணினேன். இரண்டாவது இடத்தில் நூற்றைம்பது. ஐந்தாவது வளையத்தைக் கடந்தது தெரியவே இல்லை. ஜெர்மன்காரர் சொன்ன மாதிரி ஐந்தாவதாக ஓர் இடம் எனக்கென்றே இருந்தது, இரண்டு விழுதுகளுக்கு நடுவே ஒரு குள்ளச்சிக்கான நாற்காலி. அங்கே உட்கார்ந்தபோதும் கால் ஆடியது. தெலெந்தோஸைப் பார்த்துக்கொண்டு அது நிற்கும் வரை இருந்தேன். கீழேயிருந்து தோழி எதுவும் சொல்லவில்லை, கயிற்றை மட்டும் ஒரு சாண் தளர்த்திவிட்டாள்.

உச்சிக்கு ஒரு வளையம் இருக்கும்போது விழுந்தேன். இரவு போனில் அம்மா, "போன காரியம் முடிஞ்சுதா?" என்றார். இல்லம்மா, இன்னும் மூணு நாள் இருக்கு என்றேன்.